மேல் சரிவுப் புல்

— நிறுத்துண்ணே. இன்ஜின அமத்து. கீழ இருந்து கை காட்டிக்கிட்டே ஏறி வர்றேன், நீ பாட்டுக்கு சீவிக்கிட்டே போற.

— அமத்தியாச்சு, போதுமா? கிழவி ஒரு தடவ நின்னா திரும்பக் கிளம்ப அரை மணி நேரம் முக்குவா. இந்த மெஷினுக்கு உன் வயசு, ஆனா உன்ன விடக் கொஞ்சம் நல்ல குணம். என்ன அவசரம்? சோறு கொண்டாந்தியா?

— அண்ணி குடுத்து விட்டாங்க. பையில இருக்கு. ஞாயித்துக்கிழமை முழுக்க நீ வீட்டுப் பக்கமே தலை காட்டலையாமே. அதுக்குத் திட்டும் சேத்துக் குடுத்து விட்டாங்க.

— திட்ட நீயே வச்சுக்கோ, சோத்த மட்டும் குடு. ஞாயித்துக்கிழமை ஒரு வேலை இருந்துச்சு. நல்ல விஷயம்தான், அப்புறம் சொல்றேன். உக்காரு. அந்த அடிமரத்துல உக்காரு, அதுதான் காஞ்சிருக்கு. மூச்சு எப்படி வாங்குது பாரு உனக்கு.

— உக்கார வரல. எதுவரைக்கும் சீவியிருக்க, அத மொதல்ல சொல்லு.

— இந்தத் தட்டையான இடம் முக்கால்வாசி. பாரேன், பட்டை பட்டையா எப்படி விழுந்திருக்குன்னு. ஒரு பட்டை மண்ணு, ஒரு பட்டை புல்லு, மறுபடி மண்ணு. ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல சீப்போட பல்லு இறங்கல. சருகு மெத்தை, புல் வேரு எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு, விதை வந்து விழுந்தா நேரா மண்ணுல உக்கார்ற மாதிரி திறந்து விட்டிருக்கேன். இருபது வருஷத்துல இவ்வளவு சுத்தமா நான் சீவினதில்ல, சத்தியமா.

— ம்.

— என்ன ம்? ஒரு வார்த்த பாராட்டினா குறைஞ்சா போயிடுவ? மரத்த வெட்டி ரெண்டு வருஷமா மொட்டையா கிடக்கு இந்தக் காடு. நாத்து நட்டா இந்த உயரத்துல பனியில கருகிப் போகுது. விதைக்குன்னு வெட்டாம விட்ட நாப்பத்தேழு தாய்மரமும் தானா விதை போட்டாத்தான் உண்டு. அதுவும் வருஷா வருஷம் போடாது. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவ. இந்த வருஷம் முழுக்காய்னு நீ எண்ணிச் சொன்ன, நான் சீவுறேன். நீ மேல பாப்ப, நான் கீழ பாப்பேன். அதானே நம்ம ஏற்பாடு.

— அண்ணே, கொஞ்சம் பேசாம இரேன்.

— வனத்துறை ஆபீஸ்ல என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியுமா? காகிதத்துக்கெல்லாம் அவசியமே இல்ல, பருந்து பாத்துச் சொன்னா முடிஞ்சு போச்சுங்கிறாங்க. எனக்கு அப்படியே காலரத் தூக்கி விட்டுக்கலாம் போல இருந்துச்சு.

— பருந்துன்னு கூப்பிடாத.

— ஏன், இன்னைக்கு என்ன புதுசா? பதினஞ்சு வருஷமா அதுதான உன் பேரு. நூறு அடி மரத்து உச்சியில எத்தனை காய்னு நீ கீழ நின்னுக்கிட்டே சொல்லிடுவ. குட்டி கூட ஸ்கூல்ல எங்க அத்த பருந்துன்னு சொல்லி வச்சிருக்கா.

— அண்ணே. மேல் சரிவுல பல்லு வைக்காத.

— என்ன?

— மேல் சரிவு. அங்க மெஷின் போகக் கூடாது. அதச் சொல்லத்தான் ரெண்டு மணி நேரம் ஏறி வந்தேன். நல்லவேளை, ஆபீசர் வந்து கையெழுத்துப் போடாம நீ அங்க ஏற மாட்ட. இருந்தாலும் மனசு கேக்கல. நம்ம வீட்டுப் பக்கம் இருந்து பாத்தா அந்தச் சரிவு தெரியாதே, நடுவுல மரம் மறைக்குது. இங்க வந்து பாத்த அப்புறம்தான் நெஞ்சு ஆறுது.

— பாத்த அப்புறமா.

— ஆமா. அதோ நிக்குதே, பச்சையா. பாறைக்கு இடது பக்கம், ரெண்டு தாய்மரத்துக்கு நடுவுல. அப்படியே இருக்கு, ஒரு புல்லு கலையல.

— குத்திக் காட்டுறியா பாப்பா?

— எதுக்குக் குத்திக் காட்டணும்?

— இல்ல. யாராவது ஏதாவது சொன்னாங்களோன்னு நினைச்சேன்.

— யாரு என்ன சொல்லப் போறாங்க? உளறாத. ஏன் என்னையே பாக்கிற?

— ஒண்ணுமில்ல. ஏன் போகக் கூடாது, அதச் சொல்லு. முழுக்காய் வருஷம்னா சரிவுலயும் மெஷின் விடலாம்னு விதிதான் இருக்கே. காய் வெடிச்சு விதை கொட்டும், ஒரு வாரத்துல மழை வரும், நாத்தங்கால் மாதிரி நெருக்கமா முளைக்கும், முளையோட வேரு மண்ணப் பிடிச்சுக்கும். நீதான எனக்கு வரைஞ்சு காட்டின.

— முழுக்காய் வருஷம்னா.

— ஆமா, முழுக்காய் வருஷம்னா.

— இது முழுக்காய் வருஷம் இல்ல.

— இன்னொரு தடவ சொல்லு.

— இந்த வருஷம் காயே இல்லண்ணே. மரத்துல இருக்கிறது எல்லாம் பழசு. போன தடவ வெடிச்சு விதைய உதுத்துட்டுக் காலியா ஒட்டிக்கிட்டிருக்கிற காய். ஒரு மரத்துக்கு மூடின காய் முப்பது இருந்தா முழுக்காய். முப்பது இல்ல, மூணு கூட இல்ல.

— யாரு சொன்னா?

— என் கை சொல்லுச்சு. நேத்து அடிச்ச காத்துல வழியில அஞ்சு மரத்துக் கிளை ஒடிஞ்சு விழுந்திருந்துச்சு. காலைல அதுல ஒண்ணு என் காலத் தடுக்கிச்சு. சும்மா உக்காந்து காயத் தடவிப் பாத்தேன். எல்லாம் வாயத் திறந்துக்கிட்டு, செதில் செதிலா விரலக் குத்துது. அடுத்த கிளைக்குப் போனேன், அதுவும் அப்படித்தான். அஞ்சு கிளை, எழுபத்திரெண்டு காய். மூடினது ரெண்டே ரெண்டு. அங்கயே உக்காந்து அழுதேன்.

— இரு இரு. ஒடிஞ்சது சீக்குப் பிடிச்ச கிளையா இருக்கும். உச்சியில இருக்கிற காய் வேற.

— அப்போ நீயே அண்ணாந்து பாரு. உன் கண்ணு நல்ல கண்ணுதான. இந்த மரத்து உச்சியப் பாரு. மூடின காய் பழுப்பா, கெட்டியா, முட்டை மாதிரி இருக்கும். திறந்தது சாம்பலா, பூ மாதிரி விரிஞ்சிருக்கும். எண்ணிச் சொல்லு.

— நான் என்னைக்கு மேல பாத்தேன், இன்னைக்குப் பாக்க. என் வேலை மண்ணு பாக்கிறது.

— இன்னைக்கு ஒரு நாள் பாரு.

— சரி, இரு. பாக்கிறேன்.

— என்ன தெரியுது?

— சாம்பல்.

— எல்லாமா?

— ஒண்ணு ரெண்டு பழுப்பு இருக்கு. மத்ததெல்லாம் பொளந்துக்கிட்டுத்தான் நிக்குது. பாப்பா, இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் போல இருக்கே. நீ எப்படி இத...

— நாலு மாசமா இதே கேள்விய என்கிட்ட யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கடைசியில நீ கேட்டுட்ட. நல்லதாப் போச்சு.

— இந்தத் தண்ணி பாட்டில்ல எவ்வளவு தண்ணி இருக்கு, சொல்லு.

— என்ன விளையாட்டு இது?

— சொல்லேன்.

— பாதி.

— காலி பாட்டில் இது.

— வெயில் கூசுது. அதான்.

— வெயிலு உன் முதுகுப் பக்கம் இருக்கு. எத்தனை நாளா இப்படி?

— போன குளிருக்கு முன்னாடி ஆரம்பிச்சுது. நடுவுல ஒரு புகை மாதிரி. நேரா பாத்தா முகம் மறைஞ்சுடும், ஓரத்துல காது தெரியும். உன் முகத்த நான் பாத்து ரொம்ப நாளாச்சுண்ணே. குரல வச்சுத்தான் பேசுறேன். பாதை பழகின பாதை, கால் பாத்துக்கும். ஓரக்கண்ணுல கொஞ்சம் தெரியும், மறைஞ்சத மனசே நிரப்பிக்கும், அத வச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன்.

— டாக்டர்கிட்டப் போனியா?

— போனேன். லீவு போட்டுட்டு, அண்ணிகிட்ட ரேஷன் கடைன்னு சொல்லிட்டு. கண்ணுக்குப் பின்னாடி ஏதோ தேஞ்சுக்கிட்டே வருதாம். கண்ணாடி போட்டாலும் நிக்காதாம்.

— அந்த நாள் நீ வெறும் பையோட வந்து கடை மூடியிருக்குன்னு சொன்ன. நானும் நம்பினேன். போன மாசம் குட்டிக்கு ஜடை பின்னும்போது ரெண்டு ஜடையையும் ஒரே பக்கம் பின்னி வச்ச. அவ சிரிச்சா, நானும் சிரிச்சேன். கூடவே இருந்துக்கிட்டு நான் என்ன மனுஷன்.

— நான் மறைச்சேன், நீ எப்படிக் கண்டுபிடிப்ப?

— ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன ஊருக்கா தமுக்கு அடிச்சிருப்பேன்?

— எப்படிச் சொல்றது? பருந்துன்னு பேரு வச்சுட்டீங்க. பருந்து வந்து எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லுமா? சொன்ன மறுநாளே தொலைநோக்கிய வாங்கிக்கிட்டு அனுப்பிடுவாங்க. எனக்குக் காய் எண்ணுறதத் தவிர வேற என்ன தெரியும்? நாப்பத்தி ரெண்டு வயசுல போயி என்னத்தக் கத்துக்க?

— சரி. எண்ணும்போது என்னதான் தெரிஞ்சுது?

— கொத்து கொத்தா ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. மூடினதா திறந்ததான்னு தெரியல. கடைசியாக் காய்ச்சு ஏழு வருஷம் ஆச்சு, கணக்குப்படி இது காய்க்கிற வருஷம்தானன்னு நினைச்சேன். மூடினதுன்னு எழுதினேன். மரத்துக்கு முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி நாலு, முப்பத்தி மூணுன்னு மாத்தி மாத்தி எழுதினேன், ஒரே மாதிரி இருந்தா சந்தேகப்படுவாங்கன்னு. அது பொய்தான். தப்பா எண்ணலண்ணே, எண்ணவே இல்ல. திட்டிடு.

— திட்டுறது அப்புறம். இந்தத் தட்டு என்ன ஆகும், அதச் சொல்லு மொதல்ல.

— இது தப்பிச்சுக்கும். தட்டையான இடம், மழை பெஞ்சாலும் மண்ணு எங்கயும் ஓடாது. விதை விழாது, புல்லு திரும்ப மூடிக்கும். ஒரு வருஷ வேலையும் டீசலும் வீண். அதோட போச்சு. அடுத்த காய் வருஷத்துக்குத் திரும்பச் சீவிக்கலாம்.

— மேல சீவினா?

— மேல மண்ணே நாலு விரல்தான், அதுக்குக் கீழ வழுக்குப் பாறை. அத அங்க பிடிச்சு வச்சிருக்கிறது அந்தப் புல்லு மட்டும்தான். புல்ல எடுத்துட்டு, முளையும் வரலன்னா, முதல் பெரிய மழைக்கே மொத்தமா வழிச்சுக்கிட்டு இறங்கும். எங்க இறங்கும்னு உனக்கு நான் சொல்லணுமா?

— சொல்லு. நீ சொல்லிக் கேக்கணும்.

— நம்ம பன்னெண்டு வீட்டு மேல. முதல் வீடு உன்னோடது. அண்ணி, குட்டி, அம்மா படுக்கிற பின்கட்டு அறை, அந்தச் சுவரு நேரா சரிவுக்கு அடியிலதான் இருக்கு. காலைல இருந்து என் கண்ணு முன்னாடி அது ஒண்ணுதான் நிக்குது. கண்ணே தெரியலன்னாலும் அது மட்டும் நல்லாத் தெரியுது.

— மழை எப்போன்னு சொன்னாங்க?

— ரேடியோல நாளன்னைக்குன்னு சொன்னான்.

— எனக்கு இன்னைக்கே வரும் போல இருக்கு. அந்தப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. ஈரக்காத்து அடிக்குது பாரு.

— வரட்டும். இப்போ வந்தா எனக்குப் பயமில்ல. ஏறி வர்ற வழியெல்லாம் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? என் வேலை போகட்டும், பேரு போகட்டும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கண்ணும் போகட்டும், மேல் சரிவு மட்டும் தொடாம இருக்கட்டும்னு. இந்த மேட்டுல ஏறி நின்னு அந்தப் பச்சையப் பாத்ததும் அப்படியே குனிஞ்சு மண்ணத் தொட்டுக் கும்பிட்டேன். நீ மெஷின்ல இருந்த, கவனிச்சிருக்க மாட்ட.

— கவனிச்சேன். தடுக்கிட்டன்னு நினைச்சேன்.

— நாளைக்கு ஆபீசர் வரும்போது நானே சொல்லிடுறேன். எண்ணாம எழுதினேன்னு எழுதியே குடுத்துடுறேன். மெஷின் வேண்டாம், மேல் சரிவ காய் வருஷம் வரைக்கும் விட்டுடுங்க, அப்புறம் கைக்கொத்தால அங்கங்க ஒரு முழத்துக்குக் குழி கொத்தினாப் போதும்னும் சொல்லிடுறேன். நீ எதுலயும் வராத. உனக்கு என்ன தெரியும், நான் சொன்னேன், நீ சீவின, அவ்வளவுதான்.

— நீ சொன்ன, நான் சீவினேன்.

— ஆமா. உன் மேல ஒரு தப்பும் இல்ல.

— எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு பாப்பா. நீ சொன்னா அதுக்கு மேல யாரு கையெழுத்தும் எனக்குத் தேவைப்படாது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். நீ குளத்துல ஆழம் இல்லன்னு சொன்னா நான் குதிச்சுடுவேன்.

— ஆழம் இருந்துச்சு. அப்பா வந்துதான் தூக்கினாரு.

— ஆமா. அவருதான் தூக்கினாரு.

— இப்போ எதுக்கு அது?

— சும்மா. உன் போன்ல டவர் கிடைக்குதா? என்னோடது இந்த இடத்துல செத்துப் போகும்.

— ஒரு கோடு கிடைக்கும்னு நினைக்கிறேன். எண்ண நீயே போடு, எனக்கு எழுத்து தெரியாது. யாருக்கு?

— உங்க அண்ணிக்கு. அம்மாவையும் குட்டியையும் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பி ஸ்கூல் கட்டடத்துக்குப் போகச் சொல்லணும். பன்னெண்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லணும். பெட்டி படுக்கைன்னு யாரும் நிக்கக் கூடாது.

— உனக்கு என்ன ஆச்சு? நான்தான் சொல்றேனே, மேல ஒண்ணும் ஆகல.

— நீ போன குடு. அப்புறம் இந்தத் தட்டோட ஓரத்துல வெட்டிப்போட்ட கிளை எவ்வளவு கிடக்கும்? ஒரு ஐம்பது வண்டி தேறுமா?

— கிடக்கும். எதுக்கு?

— சரிவுக்குக் குறுக்க அடுக்கினா கொஞ்சமாவது மண்ணத் தடுக்குமா? நீ படிச்சவ, சொல்லு. தடுக்குமா தடுக்காதா?

— வரிசை வரிசையா அடுக்கி, முளைக்குச்சி அடிச்சு நிறுத்தினாத் தடுக்கும். ஆனா ரெண்டு பேரு செய்யற வேலையா அது? இருபது பேரு வேணும். அதுவும் சீவின சரிவுக்குத்தான அது. இங்க எந்தச் சரிவச் சீவியிருக்கு?

— நீ கிழவி மேல ஏறி உக்காரு. கதவ இறுக்கிப் பிடிச்சுக்கோ. தட்டோட ஓரத்துக்குப் போயி, பல்லுல கிளைய அள்ளிக்கிட்டு மேல போறோம். நீ எந்த இடத்துல அடுக்கணும்னு சொல்லு, நான் கொட்டுறேன். இன்னைக்கு ஒரு நாள் நான் மேல பாத்துச் சொல்றேன், நீ கீழ பாத்துச் சொல்லு.

— எங்க மேல? எனக்கு ஒண்ணும் விளங்கல.

— அன்னைக்கு உன்கிட்ட ஓடி வந்து சொல்லணும்னு இருந்துச்சு. உனக்குப் பதவி உயர்வு வருதுன்னு ஆபீஸ்ல பேசினாங்க. ஆபீசர் வர்றதுக்குள்ள கஷ்டமான பாகத்த நானே முடிச்சு வச்சா, பருந்து எண்ணினது சரிதான்னு அவரு கண்ணால பாக்கட்டும்னு நினைச்சேன். உன் பேரு நிக்கட்டும்னு நினைச்சேன்.

— என்னைக்கு? எத முடிச்சு வச்ச? அண்ணே, என்னைப் பாத்துப் பேசு.

— பாப்பா, நீ இப்போ பச்சைன்னு கை காட்டுறியே, அந்த இடத்த நான் ஞாயித்துக்கிழமையே அடியில இருந்து உச்சி வரைக்கும் சீவி முடிச்சிட்டேன்.